கருப்பை இறக்க அறுவைக்குப் பின் பாலியல் நலம்

இடுப்புத் தளத்தைத் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்து, கருப்பை, சில சமயம் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் சேர்ந்து, யோனிக்குள் சரிந்து வருவது கருப்பை இறக்கம். பெண்கள் பேச்சில் 'அடி தள்ளுது', 'கர்ப்பப்பை இறங்கிடுச்சு'. அடுத்தடுத்த பிரசவம், நெடுநேரம் நீண்ட பிரசவ வலி, பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன் தூக்கிய பாரம், தீராத இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி எல்லாம் இதற்குக் காரணங்கள். முற்றிய நிலையில் அறுவை செய்வார்கள். அதற்குப் பின் பெண்ணின் தாம்பத்திய வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பான ருவ்செக், கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதியது. சுந்தரி ரவீந்திரன், சாவித்திரி, பவானி மூவரும் எழுதிய அந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் இந்த நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது. பரிசோதனை மேசையில் தெரியாத பல விஷயங்கள் அப்படி உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்.

அறுவை வகைகளும் அவற்றின் விளைவும்

நம் ஊரில் பெரும்பாலும் செய்வது, யோனி வழியாகக் கருப்பையை எடுத்துவிட்டு முன்சுவரையும் பின்சுவரையும் தைத்து இறுக்குவது. கருப்பையை எடுத்தால் மாதவிடாயும் கருத்தரிப்பும் நின்றுபோகும். ஆசை நின்றுபோகும் என்பது உண்மையல்ல. சினைப்பைகளை விட்டுவைத்தால் ஹார்மோன் சுரப்பு தொடரும். இன்ப உணர்வுக்கு முதன்மையான கிளிட்டோரிஸை இந்த அறுவை தொடுவதேயில்லை. வெளியே தள்ளி உறுத்திக்கொண்டிருந்தது போனதும், கூச்சமும் சிறுநீர்க் கசிவும் குறைந்து, முன்பைவிட நன்றாக இருப்பதாகச் சொல்லும் பெண்கள் பலர். சிலருக்கு மாற்றமில்லை. இன்னும் சிலருக்குப் புதிதாக வலி வருகிறது.

அந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் பின்சுவர்த் தையல்தான். பக்கத் தசைகளையும் சேர்த்து இழுத்துத் தைத்தால் வாசல் குறுகிவிடும், நடுவில் கயிறுபோல ஒரு மேடு நிற்கும். யோனி அறுவைக்குப் பின் வரும் உறவு வலியைப் பற்றி பிரிட்டனில் பிரான்சிஸும் ஜெஃப்கோட்டும் 1961இலேயே எழுதினார்கள். தையலை முடிக்குமுன் இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைகிறதா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை.

பிரான்சின் லெஃபோர்ட் 1877இல் விவரித்த அறுவை யோனியையே பெரும்பாலும் மூடிவிடும். மயக்கத்தையும் நீண்ட அறுவையையும் தாங்க முடியாத முதிய பெண்ணுக்கு அது நல்ல வழி. ஆனால் அதன்பின் யோனி வழி உறவு கிடையாது. 'வயசாயிடுச்சு', 'புருஷன் இல்லை' என்று பிறர் முடிவுகட்டிவிட்டு அதைச் செய்வது தவறு. கைம்பெண்ணிடமும் கேட்டாக வேண்டும். கருப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளை மும்பையின் ஷிரோட்கரும் புரந்தரேயும் வளர்த்தெடுத்தார்கள். இந்தியாவில் இள வயதிலேயே இறக்கம் வருவதுதான் அதற்குக் காரணம். முப்பது வயதில் குடும்பக் கட்டுப்பாடு முடித்தவளிடம் 'இனி எதுக்கு அது, எடுத்துடலாம்' என்பவர்கள் இந்த வழியையும் சொல்ல வேண்டும்.

யோனி வழியாக வைக்கும் செயற்கை வலைகள் சுவரை அரித்து வலி தந்ததால், இறக்கத்துக்காக அவற்றை விற்பதை 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் வலை இதில் சேராது.

ஆறு வாரம்

தையல் ஆறும்வரை, வழக்கமாக ஆறு வாரம், உறவு கூடாது. அதன்பின் ஒரு பரிசோதனை, பிறகு மெல்லத் தொடங்கலாம். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் மனைவிக்கும் கணவருக்கும் இருக்கும். அதனால் மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து, ஆறியபின் பயமில்லை என்று சொல்லி அனுப்புவது நல்லது. வறட்சி இருந்தால் நீர் சார்ந்த ஜெல் உதவும். ஆணுறை பயன்படுத்தினால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது உறையைப் பலவீனப்படுத்தும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் எழுதித் தருவார், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு கண்டால் காத்திருக்கக் கூடாது.

ஆறு வாரத்துக்கு முன் கணவர் வற்புறுத்தினால்? 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண்.

பாரம் தூக்காமல் இருக்க வேண்டியது ஆறு முதல் பன்னிரண்டு வாரம். சிப்காட் தொழிற்பேட்டையில் நிரந்தர வேலையில் இருந்து இ.எஸ்.ஐ. சந்தா போதுமான நாள் கட்டியவளுக்கு, ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அந்த ஓய்வுக்கு அது ஏறக்குறையப் போதும். ஒப்பந்தக்காரரிடம் பெயரில்லாமல் வேலை செய்பவளுக்கும், நாற்று நடுபவளுக்கும், சூளையில் கல் சுமப்பவளுக்கும் அந்த உதவி இல்லை. மூன்றாம் வாரமே தண்ணீர்க் குடம் இடுப்பில் ஏறுகிறது. இறக்கம் திரும்பி வந்தால், அவள் 'சொன்ன பேச்சு கேட்கலை' என்று எழுதுவது அநியாயம்.

கேட்க வேண்டிய கேள்வி

இறக்கமுள்ள பெண்களின் பாலியல் நலத்தை அளக்க 2001இல் அமெரிக்க மருத்துவர்கள் பிஸ்க் என்ற கேள்வித்தாளை உருவாக்கினார்கள். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அவ்வளவும் கேட்க முடியாது. 'வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கும்போது வலி, கஷ்டம் ஏதாவது இருக்காம்மா?' என்ற ஒன்றை, துணைக்கு வந்த மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அறுவைக்கு முன்பே கேட்டால் போதும். எந்தத் தையல், எவ்வளவு இறுக்கம் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. செவிலியர் கேட்டால் பெண்கள் இன்னும் எளிதாகச் சொல்வார்கள்.

மூன்று மாதம் கழித்தும் வலி இருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை. இறுகிய தசையைத் தளர்த்த இயன்முறைப் பயிற்சி உண்டு, படிப்படியாக விரிக்கும் கருவிகள் உண்டு, குறுகிய தையலைச் சிறு அறுவையால் விடுவிக்கவும் முடியும். திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் 2022இல் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ, கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்ரயிலேறி எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலோ காட்டலாம். பத்து ஆண்டுக்கு முன் அறுவை செய்துகொண்டவரும் போகலாம்.