குக் கவுண்டியின் நீதிமன்ற ஆவணங்கள்: பார்க்கும் உரிமையும் தேடும் வழியும்

அமெரிக்க மாநிலங்களுள் பெரும்பாலானவை கவுண்டி எனப்படும் ஆட்சிப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ மாவட்டத்துக்கு நிகரான இப்பிரிவின் தலைமையிடத்து நீதிமன்றத்தில்தான் நிலத் தகராறு, மணமுறிவு, உயில், கடன், கொலை என மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் வழக்குகள் நடக்கின்றன. அவற்றின் தாள்களும் அங்கேயே சேர்கின்றன. அத்தாள்கள் எவரும் பார்க்கத்தக்க பொது ஆவணங்கள் என்பதைச் சட்டம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் பார்க்க உரிமை இருப்பது வேறு, வேண்டியதைத் தேடிக் கண்டடைய முடிவது வேறு. சிகாகோ நகரை உள்ளடக்கிய, 2020 கணக்கெடுப்பின்படி 52 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இல்லினாய் மாநிலத்தின் குக் கவுண்டியில் இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் வந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வுரிமையின் உண்மையான அளவைத் தீர்மானித்தவை உயர்ந்த மன்றங்களின் தீர்ப்புகள் மட்டுமல்ல, பெயரடைவுகளும் எழுத்தர் அலுவலகத்தின் நடைமுறைகளுமே என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1831 ஜனவரியில் உருவாக்கப்பட்ட குக் கவுண்டியின் தொடக்ககால ஆவணங்கள் இன்று அநேகமாக இல்லை. 1871 அக்டோபர் 8 அன்று இரவு தொடங்கிய சிகாகோ பெருந்தீ, நகரின் நடுவிலிருந்த நீதிமன்றக் கட்டடத்தையும் அதனுள் அடுக்கப்பட்டிருந்த வழக்குக் கட்டுகள், தீர்ப்பேடுகள், குடியுரிமைப் பதிவுகள், நிலப் பத்திரப் பதிவேடுகள் ஆகியவற்றையும் எரித்து முடித்தது. எவருடைய மனை எவருக்கு எப்போது விற்கப்பட்டது, எந்தத் தீர்ப்பினால் எந்தச் சொத்தின்மேல் கடன் பாத்தியதை ஏறியது என்பதற்கெல்லாம் அரசிடம் சான்று இல்லாமற்போன நிலையில், நகரைத் திரும்பக் கட்டுவதற்குக் கடன் கொடுப்போரும் வாங்குவோரும் எதை நம்புவது என்ற கேள்வி எழுந்தது.

இதற்கான விடை தனியார் கையில் இருந்தது. நிலம் வாங்குவோருக்கு வில்லங்க விவரம் திரட்டிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த மூன்று நிறுவனங்கள், அரசுப் பதிவேடுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து எழுதிவைத்த சுருக்கக் குறிப்பேடுகளில் ஒரு பகுதியைத் தீ நெருங்குமுன் வெளியே கொண்டுவந்திருந்தன. அவற்றுள் ஒன்றின் பங்குதாரரான ஜான் ஷார்ட்டால் தெருவில் போன வண்டியொன்றை நிறுத்தி ஏடுகளை அதில் ஏற்றி அனுப்பியது சிகாகோ வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. மூன்று நிறுவனங்களின் ஏடுகளையும் ஒருங்கே வைத்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது. 1872இல் இல்லினாய் சட்டமன்றம் இயற்றிய எரிந்த ஆவணங்கள் சட்டம், தீக்கு முன்னர் வழக்கமான தொழில் முறையில் எழுதப்பட்ட இத்தகைய குறிப்புகளை நீதிமன்றம் சான்றாக ஏற்கவும், அவற்றைக் கொண்டு உரிமையை மீண்டும் நிலைநாட்டவும் வழிசெய்தது. இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொதுப் பதிவேட்டை யாரும் பார்த்துப் படியெடுக்கலாம் என்ற நடைமுறை முன்பே இருந்ததால்தான் அதன் சாரம் நீதிமன்றச் சுவர்களுக்கு வெளியேயும் உயிரோடு இருந்தது. பூட்டிவைக்கப்பட்ட பதிவேடாக இருந்திருந்தால் அதுவும் கட்டடத்தோடு போயிருக்கும். எனினும், காப்பாற்றப்பட்டவை பெரும்பாலும் நிலத்தைப் பற்றியவையே. நிலம் இல்லாதவர்களின் வழக்குகளையும், குடியேறிகள் குடியுரிமை பெற்ற பதிவுகளையும் படியெடுத்துவைக்க எவருக்கும் தொழில்முறைக் காரணம் இருக்கவில்லை. ஆகவே முன்னோரைத் தேடும் ஆய்வாளர்களுக்கு 1871 என்ற ஆண்டு இன்றும் கடக்க முடியாத எல்லையாக நிற்கிறது.

தீக்குப் பின் தாள்கள் விரைவாகப் பெருகின. எழுத்தர் எனப்படும் அலுவலர், அதாவது வழக்குகளைப் பெற்று எண்ணிட்டுப் பதிந்து காக்கும் பொறுப்புடையவரும் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவருமான அதிகாரி, ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் தனித்தனியே அடைவுகளை வைத்திருந்தார். தேடுவோர் முதலில் வாதி அல்லது பிரதிவாதியின் பெயரை அடைவில் கண்டு, அதன்வழி வழக்கு எண்ணை அறிந்து, அந்த எண்ணைக் கொண்டு நடவடிக்கைக் குறிப்பேட்டில் எந்த நாளில் எந்த மனு தாக்கலாயிற்று என்பதைப் பார்த்து, அதன்பின்னரே கட்டை எடுத்துத் தருமாறு கேட்க முடியும். பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால் முதற்படியிலேயே தேடல் நின்றுபோகும். போலந்து, லித்துவேனியா, போஹீமியா முதலிய நாடுகளிலிருந்து மக்கள் வந்து குவிந்த சிகாகோவில் இது அரிதான இடர்ப்பாடு அன்று.

1930களில் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்றோருக்கு வேலை தர நிறுவப்பட்ட கூட்டரசுப் பணித் திட்டத்தின் ஊழியர்கள், வட இல்லினாய் முதலிய பகுதிகளின் நீதிமன்றங்களில் இருந்த குடியுரிமைப் பதிவுகளுக்குச் சவுண்டெக்ஸ் முறையில் அட்டை அடைவு ஒன்றைத் தயாரித்தனர். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரொலிகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுடைய மெய்களுக்கு ஒரே எண்ணைத் தந்து, ஓரெழுத்தும் மூன்று இலக்கங்களுமாகப் பெயரைச் சுருக்கும் முறை இது. ஸ்மித் என்பவரும் ஸ்மைத் என்று எழுதப்பட்டவரும் எஸ்-530 என்ற ஒரே இடத்தில் வந்து சேர்வர். எழுத்தைப் பின்பற்றிய தேடலை ஒலியைப் பின்பற்றுவதாக மாற்றிய இவ்வடைவு புதிய உரிமை எதையும் வழங்கவில்லை. ஆயினும் ஒரு தலைமுறைக் குடியேறிகளின் வழித்தோன்றல்களுக்கு அது செய்த உதவி பல தீர்ப்புகள் செய்ததைவிடப் பெரிது.

அடைவுகளின் சிதறல் தீர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. குக் கவுண்டியில் சர்க்யூட் நீதிமன்றம், மேல் நிலை நீதிமன்றம், உயில் நீதிமன்றம், சிகாகோ நகராட்சி நீதிமன்றம், சிற்றூர்களின் சமாதான நீதிபதிகள் என மொத்தம் 161 நீதிமன்றங்கள் ஒன்றோடொன்று மேவிய அதிகார வரம்புகளுடன் இயங்கின. ஆகவே ஒருவர்மீது வழக்கு இருக்கிறதா என்ற எளிய கேள்விக்கு விடை காணப் பல அலுவலகப் படிகளில் ஏற வேண்டியிருந்தது. 1962இல் வாக்காளர்கள் ஏற்று, 1964 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில அரசியலமைப்புத் திருத்தம் இவை அனைத்தையும் குக் கவுண்டி சர்க்யூட் நீதிமன்றம் என்ற ஒரே அமைப்பாக்கியது. 1965இல் திறக்கப்பட்டுப் பின்னர் ரிச்சர்ட் ஜே. டேலி மையம் எனப் பெயர் பெற்ற உயர்ந்த கட்டடம் அதன் தலைமையிடமாயிற்று. வழக்கு எண்ணும் ஒழுங்குபட்டது. ஆண்டு, பிரிவுக் குறியெழுத்து, வரிசை எண் என அமைந்த அதில் ‘எல்’ இழப்பீட்டு வழக்குகளையும், ‘சிஎச்’ தடையாணை, அடமானச் சொத்துப் பறிமுதல் போன்ற சான்சரி வழக்குகளையும், ‘டி’ மணமுறிவையும், ‘பி’ உயிலையும் குறிக்கும். இக்குறியெழுத்தை அறிந்தவருக்கு எந்தத் தளத்தின் எந்தப் பிரிவை அணுகுவது என்பது எண்ணிலிருந்தே விளங்கும். பழைய கட்டுகள் வெளியிலுள்ள கிடங்குகளில் வைக்கப்படுவதால், அவற்றை முன்கூட்டிக் கேட்டு வரவழைக்க வேண்டியிருக்கும்.

சட்டத்தின் அடித்தளத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இல்லினாயின் நீதிமன்ற எழுத்தர்கள் சட்டம், எழுத்தர் பேணும் பதிவேடுகளையும் குறிப்பேடுகளையும் பொது ஆவணங்களாக அறிவித்து, கட்டணமின்றி எவரும் அவற்றைப் பார்வையிடலாம் என்கிறது; படியெடுக்க மட்டுமே கட்டணம் உண்டு. மாநிலத்தின் தகவல் அறியும் சட்டம் நிர்வாகத் துறைக்கு உரியது, நீதித்துறையை அது கட்டுப்படுத்தாது. எனவே அச்சட்டத்தின்கீழ் நீதிமன்றக் கட்டுக்கு விண்ணப்பிப்போரின் முயற்சி தொடக்கத்திலேயே தவறான வாயிலை அடைகிறது. 1978இல் முன்னாள் அதிபர் நிக்சன் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் படியெடுக்கவும் பொதுச் சட்ட மரபு தரும் உரிமையை ஏற்றதோடு, அது வரம்பற்றதன்று என்றும் கூறியது. 2000இல் ஸ்கோல்னிக் வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் பொதுச் சட்ட மரபு, அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், எழுத்தர்கள் சட்டம் ஆகிய மூன்றையும் இவ்வுரிமைக்கு ஊற்றாகக் காட்டியது.

இவ்வுரிமையின் வரம்புகளுள் ஒன்று குக் கவுண்டியிலேயே தோன்றியது. 1899 ஜூலை 1 அன்று அங்கே செயல்படத் தொடங்கிய சிறார் நீதிமன்றம் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம். அதை நிறுவிய சட்டம் சிறார் விசாரணைக்குத் தனி அறையையும், தீர்மானங்களை எழுதச் சிறார் பதிவேடு என்ற தனி ஏட்டையும் விதித்தது. பொது ஏட்டிலிருந்து பிரிக்கப்பட்ட அந்த ஏடு பிற்காலச் சட்டங்களால் பொதுப் பார்வையிலிருந்தும் விலக்கப்பட்டது. ஒரு பிள்ளையின் பிழை அதன் ஆயுள் முழுவதும் தொடரக் கூடாது என்ற இந்த எண்ணம் மிகச் சரியானது. பின்னர் வளர்ந்த முத்திரையிடல், அதாவது ஆவணத்தை அழிக்காமல் பொதுப் பார்வைக்கு மூடுதல், பதிவு நீக்கம் ஆகிய முறைகளும் இதே எண்ணத்தையே பின்பற்றுகின்றன.

கணினி வந்தபோது பழைய சமநிலை குலைந்தது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பல கவுண்டிகளில் சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒருவர் அலைந்து திரட்டுவதற்கும் அவை கணினியில் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டிருப்பதற்கும் தனியுரிமை நோக்கில் பெரிய வேறுபாடு உண்டு என்று கண்டது. நேரில் சென்று தேடும் உழைப்பே அதுவரை கண்ணுக்குப் புலப்படாத திரையாக இருந்து பலரைக் காத்துவந்தது. இதை உணர்ந்த இல்லினாய் உச்ச நீதிமன்றம், நேரில் எவரும் பார்க்கத்தக்க ஆவணம் அனைத்தையும் இணையத்தில் விரித்துவைக்க வேண்டியதில்லை என்ற கொள்கையை வகுத்தது. தாக்கலாகும் தாள்களில் சமூகப் பாதுகாப்பு எண் போன்ற அடையாள விவரங்கள் இடம்பெறுவதை 138ஆம் விதியால் தடுத்தது.

2018 ஜூலை 1 முதல் குக் கவுண்டியில் உரிமையியல் வழக்குகளை மின்வழியே தாக்கல் செய்வது கட்டாயமாயிற்று. மின்வழித் தாக்கலைப் பற்றிய பூசல் அதற்கு முன்பே எழுந்திருந்தது. தாள் காலத்தில் செய்தியாளர்கள் அன்றன்று வந்த புதிய வழக்குகளை அன்றே பார்க்க முடிந்திருக்க, மின்வழி வந்தவை எழுத்தர் அலுவலகம் சரிபார்த்து ஏற்கும்வரை காட்டப்படவில்லை. தாளைவிட வேகமானதாகக் கருதப்பட்ட வடிவம் பார்வையைத் தாமதப்படுத்தியதை எதிர்த்து கோர்ட்ஹவுஸ் நியூஸ் சர்வீஸ் என்ற செய்தி நிறுவனம் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2018 ஜனவரியில் கீழ் மன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாக இடைக்கால ஆணை வழங்க, அதே ஆண்டு நவம்பரில் ஏழாவது மேல்முறையீட்டு மன்றம், மாநில நீதிமன்றங்களே இதை முதலில் தீர்க்க வேண்டும் எனக் கூறி அவ்வாணையை நீக்கியது. கலிபோர்னியாவின் வென்சுரா கவுண்டியைப் பற்றி அதே நிறுவனம் தொடுத்த வழக்கில் ஒன்பதாவது மேல்முறையீட்டு மன்றம் 2020இல், வழக்கு தாக்கலானவுடனேயே முதல் திருத்த உரிமை எழுகிறது என்று ஏற்றது. ஆயினும் நியாயமான தாமதத்துக்கு அது இடம் விட்டது. தாக்கலுக்கும் பார்வைக்கும் இடையே எத்தனை மணி நேரம் பொறுக்கத்தக்கது என்ற கேள்விக்கு நாடு முழுவதற்குமான ஒரே விடை இத்தீர்ப்புகளால் கிடைக்கவில்லை.