எல்லை தாண்டிய கடன்: எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்?

பாரிசில் மொத்த வியாபாரம் செய்பவர் ஜேர்மனியின் டோர்ட்முண்டில் உள்ள கடைக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் அனுப்புகிறார். காசு வரவில்லை. வழக்கை எங்கே போடுவது? கணக்கு எழுதும் எங்களிடம் எம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஊரவர், உறவினர் என்ற நம்பிக்கையில் எழுத்து எதுவுமின்றிக் கொடுத்துவிட்டு, காசு நின்ற பிறகே நாம் சட்டத்தைத் தேடுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைத் தீர்மானிப்பது 1215/2012 இலக்க ஒழுங்குவிதி. 2015 ஜனவரி 10 முதல் இது நடைமுறையில் உள்ளது.

அடிப்படை விதி: பிரதிவாதி வசிக்கும் நாட்டிலேயே வழக்குத் தொடர வேண்டும். அவரது குடியுரிமை பார்க்கப்படுவதில்லை. அகதிப் பயண ஆவணத்துடன் வாழ்பவருக்கும் இதே விதிதான்.

பொருள் விற்பனையில், பொருள் ஒப்படைக்கப்பட்ட இடத்து நீதிமன்றத்தையும் நாடலாம். மேற்சொன்ன வியாபாரிக்கு, பொருள் டோர்ட்முண்டில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் இரண்டு வழியும் ஜேர்மனிக்கே போகும்.

காணி, வீட்டு உரிமை வழக்கு அந்தச் சொத்து உள்ள நாட்டுக்கே உரியது. தொழிலாளி மீது முதலாளி வழக்குப் போடுவதானால், தொழிலாளி வசிக்கும் நாட்டில்தான் போடலாம். விவாகரத்து, மரணசாசனம், வங்குரோத்து ஆகியவை இந்த விதிக்குள் வரா.

வியாபாரிகள் இருவரும் முன்கூட்டியே ஒரு நீதிமன்றத்தை எழுத்தில் தெரிவு செய்யலாம். மின்னஞ்சலும் எழுத்தாகவே கொள்ளப்படும். ஆனால் பிறகு அனுப்பும் பில்லில் அச்சடித்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஓடர் எடுக்கும்போதே மற்றவரின் சம்மதத்தைப் பெறுங்கள்.

வேறு நாட்டு நீதிமன்றக் கடிதம் வந்தால் மூடி வைக்க வேண்டாம். அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லையென்றால் தொடக்கத்திலேயே ஆட்சேபியுங்கள். ஆட்சேபிக்காமல் வழக்காடினால், பெரும்பாலும் அதிகாரத்தை ஏற்றதாகிவிடும்.

தீர்ப்புக் கிடைத்தால், இன்னோர் உறுப்பு நாட்டில் தனி அனுமதி வழக்கில்லாமல் அதை நிறைவேற்றலாம். 5000 யூரோ வரையான கோரிக்கைகளுக்கு, டென்மார்க் தவிர்ந்த உறுப்பு நாடுகளிடையே எளிய நடைமுறை ஒன்றும் உண்டு.

சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து ஆகியவற்றுடன் 2007 லுகானோ உடன்படிக்கை ஏறக்குறைய இதே விதிகளைக் கொண்டுள்ளது. பிரித்தானியாவில் 2021 முதல் தொடுக்கும் வழக்குகளுக்கு இவை பொருந்தா. அங்கு 2025 யூலை 1 முதல் ஹேக் தீர்ப்புகள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் பின் தொடங்கிய வழக்குகளுக்கே அது உதவும்.

பெரிய தொகையென்றால் சட்டத்தரணியை நாடுங்கள். அதற்கு முன், அடுத்த ஓடரிலாவது அந்த ஒரு வரியை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அதனால் உறவு கெடாது. எழுதாமல் விட்டுக் கெட்ட உறவுகளையே நாங்கள் அதிகம் கண்டிருக்கிறோம்.