டமாஸ்கஸ் கோட்டைக்குள் போன ஒரு தஃப்ஸீர்: நரகத்தின் கால அளவு பற்றிய இப்னு தைமிய்யாவின் கருத்து எப்போது உருவானது?

யமன் நாட்டு அறிஞர் முஹம்மத் இப்னு இஸ்மாயீல் அஸ்ஸன்ஆனீ (இ. 1768) எழுதிய ‘ரஃப்உல் அஸ்தார்’ என்னும் சிறுநூலை 1984இல் ஷைகு நாஸிருத்தீன் அல்பானீ பெய்ரூத்தில் பதிப்பித்து, அதற்கு நீண்ட முன்னுரையும் எழுதினார். நரகம் ஒருநாள் அழிந்துபோகும் என்ற கருத்தை மறுப்பது நூலின் நோக்கம். மறுக்கப்படுபவர் இப்னு தைமிய்யா. அல்பானீக்கு இது சங்கடமான வேலை. தாம் பெரிதும் மதிக்கும் இமாம் இப்படியொரு கருத்தைச் சொன்னார் என்பதை அவரால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் மனமில்லை. ஆகவே ஒரு சமாதானம் கண்டார். இமாம் கல்வி தேடிக்கொண்டிருந்த காலத்தில், குர்ஆன், ஹதீஸ் ஆகியவற்றில் முழுத்தேர்ச்சி அடையும் முன் இதைச் சொல்லியிருக்கலாம் என்பது அவரது ஊகம். ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதினார். அந்த ஐயச்சொல் பின்வந்தோர் எழுத்துகளில் மெல்ல உதிர்ந்து, ‘இமாமின் இளமைக்காலச் சறுக்கல்’ என்ற முடிந்த முடிவாக இன்று மேடைகளிலும் ஒலிக்கிறது.

இந்த ஊகம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். காலவரிசை இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது.

பின்னணியை விரிக்கத் தேவையில்லை. ஏகத்துவத்தை ஏற்றவர் பெரும்பாவியானாலும் இறுதியில் நரகிலிருந்து மீள்வார், இறைமறுப்பாளர் மீளார் என்பது அஹ்லுஸ் ஸுன்னாவின் பெருவழக்கு. சொர்க்கம், நரகம் இரண்டுமே ஒருநாள் இல்லாமற்போகும் என்ற ஜஹ்ம் இப்னு ஸஃப்வானின் (இ. 746) கொள்கையை எல்லாத் தரப்பும் நிராகரித்தன. இவ்விரண்டுக்கும் நடுவே, சொர்க்கம் என்றும் நிலைக்கும், நரகம் மட்டும் தன் வேலை முடிந்ததும் ஓயும், அதன்பின் அதில் எவரும் இரார் என்று ஒரு மூன்றாம் வழி உண்டா? உண்டு என்றால், மறுமை மீட்சி யாருக்கு என்ற கேள்விக்கே வேறு விடை கிடைக்கிறது. இப்னுல் கய்யிம் ‘ஹாதில் அர்வாஹ்’, ‘ஷிஃபாஉல் அலீல்’, ‘அஸ்ஸவாஇகுல் முர்ஸலா’ ஆகிய மூன்று நூல்களில் இந்த வழியை விரிவாக எடுத்துவைக்கிறார். அவருடைய ஆசிரியரான இப்னு தைமிய்யா எப்போது அங்கே வந்து சேர்ந்தார் என்பதுதான் நம் கேள்வி.

விடைக்குரிய சான்று பெரும்பாலும் ஒரே பத்தியில் அடங்கிவிடுகிறது. ‘ஷிஃபாஉல் அலீ’லில், இந்த விவாதத்தின் இறுதிப்பகுதியில், இப்னுல் கய்யிம் தம் நினைவொன்றைச் சில வரிகளில் சொல்லிப்போகிறார். தாம் ஆசிரியரிடம் இதைப்பற்றிக் கேட்டபோது, இது மிகப் பெரிய விவகாரம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பதில் தரவில்லையாம். சில காலம் கழிந்தது. பிறகு அப்து இப்னு ஹுமைதின் (இ. 863) தஃப்ஸீரில் இதுகுறித்த பழைய அறிவிப்புகள் மாணவரின் கண்ணில் பட்டன. அந்த இடத்தில் அடையாளம் வைத்து நூலை ஆசிரியருக்கு அனுப்பினார். இந்த இடம் கடினமாக இருக்கிறது, என்னவென்று விளங்கவில்லை என்று சொல்லும்படி தூதுவரிடம் கூறினார். அதன்பின் ஆசிரியர் தம் ‘பேர்பெற்ற நூலை’ எழுதினார் என்று பத்தி முடிகிறது.

ஒருமுறை கேட்டுப் பதில் வராத கேள்வியை மாணவர் இரண்டாம் முறை நேராகக் கேட்கவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு, தமக்குப் புரியவில்லை என்கிறார். இதில் பணிவு எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது காலம். நூல் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியர் தம் ‘இறுதி மஜ்லிஸில்’ இருந்தார் என்று அச்சுப்பதிப்பில் காண்கிறோம். இறுதி அமர்வு, இறுதி அவை என்று பொருள் கொள்ளலாம், ஆனால் தொடர் சற்று இடறுகிறது. இதை ‘மஹ்பஸ்’, அதாவது சிறை என்று படித்தால் வாக்கியம் தடையின்றி ஓடும். அரபு எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஜீமின் புள்ளி போனால் ஹா. லாமின் தண்டு குறுகி, கீழே ஒரு புள்ளி பெற்றால் பா. புள்ளியிடுவதில் கவனமற்ற எழுத்தரின் கையில் ஒன்று மற்றொன்றாவது எளிது. இமாம் டமாஸ்கஸ் கோட்டைச் சிறைக்கு ஒருமுறை மட்டும் போனவரல்லர். தலாக் சத்தியம் பற்றிய தீர்ப்புக்காக 1320இல் சில மாதங்கள் அங்கே இருந்தார். ஆகவே ‘இறுதிச் சிறை’ என்பது பொருளுள்ள அடைமொழி. கப்று ஸியாரத் விவகாரத்தில் 1326 ஜூலையில் அடைக்கப்பட்டு, 1328 செப்டம்பர் 26இல் உயிர் பிரியும்வரை இருந்த சிறையை அது குறிக்கும்.

இந்தப் பாடத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு, அதை மறைக்கலாகாது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் இப்னு ரஜப் தரும் செய்தியின்படி, அந்த இறுதிமுறை இப்னுல் கய்யிமும் அதே கோட்டையில் ஆசிரியரிடமிருந்து பிரித்துத் தனியே அடைக்கப்பட்டிருந்தார். ஆசிரியர் இறந்த பிறகே விடுதலையானார். சிறையில் அவர் குர்ஆனை ஓதுவதிலும் சிந்திப்பதிலும் மூழ்கியிருந்ததாகவும் இப்னு ரஜப் சொல்கிறார். தனிச்சிறையில் இருந்தவருக்கு அப்து இப்னு ஹுமைதின் தஃப்ஸீர் எங்கிருந்து கிடைத்தது? கோட்டைக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நூல் போனதா? இதே செய்தியை மறுபக்கமாகவும் பார்க்கலாம். ஒரே ஊரில், நாள்தோறும் பாடம் கேட்கும் மாணவர் ஆசிரியருக்குத் தூதுவர் வழியாக நூல் அனுப்ப வேண்டிய தேவை என்ன? நேரில் சந்திக்க முடியாத நிலை இருந்தால்தான் தூதுவர் தேவைப்படுவார். இமாம் சிறையிலும் தாளும் மையும் வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். அவை பறிக்கப்பட்டது 1328 வசந்தத்தில்தான். அதன்பிறகு கரித்துண்டால் எழுதிய கடிதங்கள் பற்றிய குறிப்புகளும் உள்ளன. எனவே சிறை என்ற வாசிப்பு சரியென்றால், இமாமின் ‘பேர்பெற்ற நூல்’ 1326 ஜூலைக்கும் 1328 வசந்தத்துக்கும் இடைப்பட்டது. இதைவிடக் குறுக்க என்னால் இயலவில்லை.

மஜ்லிஸ்தான் சரி என்று ஒருவர் பிடிவாதம் பிடிக்கட்டும். அப்போதும் அல்பானீயின் ஊகத்துக்கு நிற்க இடமில்லை. இப்னுல் கய்யிம் இப்னு தைமிய்யாவை அண்டியது, அவர் எகிப்திலிருந்து ஹிஜ்ரி 712இன் இறுதியில், அதாவது 1313இல், டமாஸ்கஸுக்குத் திரும்பிய பிறகு. மாணவருக்கு அப்போது 21 வயதளவு. 1263இல் பிறந்த ஆசிரியருக்கு 50. கேள்வி கேட்டது, பதில் கிடைக்காதது, சில காலம் கழிந்தது, நூல் அனுப்பியது, இமாம் எழுதியது எல்லாமே அதற்குப் பின். ஐம்பது கடந்தவரைக் கல்வி தேடும் இளைஞர் என்று எந்த வழக்கிலும் சொல்வதில்லை. முதலில் கேட்டபோது அவர் பதில் தராமல் நிறுத்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இளமையில் ஒரு கருத்தைப் பிடித்துப் பின் கைவிட்டவர், அதைக் கைவிட்டதாகச் சொல்லியிருப்பார். இந்த மௌனம் இன்னும் முடிவெடுக்காதவரின் மௌனம்.

அல்பானீயின் ஹதீஸ் விமர்சனத்தை நான் இங்கே எதிர்க்கவில்லை. அது வேறு வழக்கு, அதில் அவர் பக்கம் வலுவானது. அப்து இப்னு ஹுமைதின் தஃப்ஸீரிலிருந்து எடுக்கப்பட்ட முக்கிய அறிவிப்பு, ஹஸன் அல்பஸரீ வழியாக உமர் (ரலி) அவர்களைச் சென்றடைகிறது. நரகவாசிகள் ஆலிஜ் பாலைவன மணலின் எண்ணிக்கையளவு காலம் தங்கினாலும் வெளியேறும் ஒரு நாள் வரும் என்பது அதன் கருத்து. உமர் (ரலி) 644இல் ஷஹீதானபோது ஹஸன் ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தை. அறிவிப்பாளர் தொடர் அறுந்தது என்ற தீர்ப்பிலிருந்து தப்ப வழியில்லை. இப்னு தைமிய்யா இதை அறியாதவரல்லர். உமரின் கூற்று என்று உறுதியாகாவிட்டால் ஹஸன் இவ்வளவு திட்டமாகச் சொல்லியிருக்க மாட்டார், இமாம்கள் மறுப்பின்றி எடுத்தெழுதியிருக்கவும் மாட்டார்கள் என்று வாதிட்டார். ஹதீஸ் கலைஞர்களுக்கு இது போதாது. ‘நரகவாசிகள்’ என்றது ஏகத்துவப் பாவிகளையே என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. அவர்கள் மீள்வது எல்லாரும் அறிந்ததுதானே, அதற்கு மணலை எண்ணுவானேன் என்பது இமாமின் எதிர்க்கேள்வி.

அவருடைய வாதத்தின் முதுகெலும்பு இந்த அறிவிப்பன்று. 11ஆம் அத்தியாயத்தின் 107, 108ஆம் வசனங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் ‘உம் இறைவன் நாடியதைத் தவிர’ என்ற விலக்கு உண்டு. சொர்க்கத்தைச் சொல்லும் வசனம் அதை அறுபடாத கொடை என்று முடிக்கிறது. நரகத்தைச் சொல்வதோ இறைவன் நாடியதைச் செய்பவன் என்று நிறுத்திக்கொள்கிறது. கூடவே, அருள் கோபத்தை முந்தியது என்ற ஹதீஸ், தண்டனை ஒரு நோக்கத்துக்காகவே என்ற ஹிக்மா வாதம். பிந்தியதை இப்னுல் கய்யிம் மருத்துவச் சாயலோடு மேலும் வளர்த்தார்.

எதிர்க்கோடியிலிருந்து வருபவர் அலீ அல்ஹர்பீ. 1990இல் வந்த தம் நூலில், ஆசிரியரோ மாணவரோ இக்கருத்தை ஏற்கவே இல்லை என்று நிறுவ முயன்றார். ஃபத்வாத் தொகுப்பின் 18ஆம் பாகத்தில், சொர்க்கம், நரகம், அர்ஷ் போன்ற சில படைப்புகள் முற்றாக அழிவதில்லை என்பதில் ஸலஃபுகள் ஒருமித்தனர் என்று இப்னு தைமிய்யாவே எழுதிய வரி இத்தரப்பின் பலம். ஆனால் அந்த ஃபத்வாவுக்குத் தேதி இல்லை. அது முந்தியது என்று கொண்டால் முரண்பாடு தீர்ந்துவிடுகிறது: பெருவழக்கை ஏற்றிருந்தவர் கேள்வி எழுந்தபோது தயங்கினார், கடைசியில் இடம் மாறினார். இது என் ஊகம்தான். ஆயினும் அவர் தயங்கியதற்குச் சாட்சி இருக்கிறது, பின்வாங்கியதற்கு இல்லை. ஹர்பீயின் நூலுக்குப் பின் 1995இல் ரியாத்தில் அந்த ‘பேர்பெற்ற நூல்’ அச்சேறிவிட்டதால், அதன் உள்ளடக்கத்தைப் பற்றிய ஐயம் பெருமளவு விலகிவிட்டது. சொர்க்கமும் நரகமும் அழியும் என்போருக்கு மறுப்பு என்பது அதன் தலைப்பு. மறுக்கப்படுவது இரண்டும் சேர்ந்து அழியும் என்ற ஜஹ்மின் கொள்கை என்பதும், நரகத்தை மட்டும் தனியே பிரித்து விவாதிக்கும் பகுதி வேறு தொனியில் செல்வதும் படிப்பவருக்குப் புலப்படும்.

ஷாஃபிஈ தலைமைக் காழி தகிய்யுத்தீன் அஸ்ஸுப்கீ ஹிஜ்ரி 748இல், 1348 வசந்தத்தை ஒட்டி, நரகம் ஓயும் என்ற இக்கருத்துக்கு மறுப்பு எழுதினார். இமாம் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு! இளமையில் சொல்லி மறக்கப்பட்ட ஒரு கருத்துக்கு இவ்வளவு காலங்கடந்து ஒரு தலைமைக் காழி மறுப்பு எழுதியிருக்க மாட்டார். அது அப்போதும் உயிரோடு இருந்தது, அதைப் பரப்பியவரும் அதே ஊரில் உயிரோடு இருந்தார்.

அந்தப் பரப்பியவரின் கடைசி நிலை என்ன என்பதில் என்னிடம் உறுதியான விடை இல்லை. ‘ஸாதுல் மஆ’தில், இணைவைப்பவனின் அசுத்தம் அவன் இயல்பிலேயே ஊறியது, நெருப்பு அதைப் போக்காது என்கிறார் இப்னுல் கய்யிம். கடலில் முங்கி எழுந்த நாயை உவமை காட்டுகிறார். ‘அல்வாபிலுஸ் ஸய்யி’பில், அழிவது ஏகத்துவப் பாவிகளின் நரகம் மட்டுமே என்று வகுக்கிறார். சுப்கீயின் மறுப்புக்குப் பின் அவர் இறங்கிவந்ததன் அடையாளங்கள் இவை என்று கொள்வோர் உண்டு. அப்படியானால் இவ்விரு நூல்களும் 1348க்கும் அவர் இறந்த 1350க்கும் இடையே எழுந்திருக்க வேண்டும். ‘ஸாதுல் மஆ’தைப் பயணத்தில், ஊரில் தங்காத நிலையில் எழுதியதாக அதன் முன்னுரையில் அவரே சொல்கிறார். எந்தப் பயணம், எந்த ஆண்டு என்று சொல்லவில்லை. அது ‘ஹாதில் அர்வா’ஹுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் பின்வாங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை, மாணவரும் ஆசிரியரைப் போலவே பெருவழக்கில் தொடங்கிப் பின்னர் விலகியவராகிறார். ‘ஷிஃபாஉல் அலீ’லிலோ இறுதியில் அலீ (ரலி) அவர்களின் கூற்றில் தஞ்சம் புகுகிறார். இரு சாராரும் தத்தம் இடம் புகுந்தபின் இறைவன் நாடியதைச் செய்வான் என்பது அது. மூன்று நூல்களின் வரிசையும் தெரியாமல் இவற்றில் எது அவருடைய கடைசி வாக்கு என்று நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை.