கரிசலும் கடலும் காத்த கண்ணாடி மணிகள்

மண்பாண்டம் உடைந்தால் அது ஓடுதான். அதனை மீண்டும் களிமண்ணாக்க இயலாது. மரம் எரிந்தால் சாம்பல். ஆனால் கண்ணாடி உடைந்தாலோ அதனை உருக்கி மறுபடியும் ஒரு பொருளாக்கலாம். அது உடைந்தால் மீண்டும் உருக்கலாம். உடைந்த கண்ணாடியைக் குப்பையாகக் கருதாமல் மூலப்பொருளாகக் கருதும் வழக்கம் இன்று தோன்றியதன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரைத் துறைமுகங்களில் அது ஒரு தொழிலாகவே நடந்தது.

இன்று உலகின் பல நாடுகளில், கடல் தேய்த்து ஒதுக்கிய கண்ணாடிச் சில்லுகளையும், அவற்றைப் போலவே மங்கலாகச் செய்த கண்ணாடி மணிகளையும் உலோகக் கம்பியால் சுற்றிக் காதணிகளாக அணிவது ஒரு விருப்பக் கைத்தொழிலாகப் பரவியுள்ளது. இது மேலை நாட்டாரின் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் மணி, கம்பி, காது என்ற மூன்றின் வரலாறும் தென்பாண்டிக் கடற்கரையோடு நெருங்கிய தொடர்புடையது.

தூத்துக்குடி மாவட்டத்துப் புதியம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்ற ஊர் இது. மேற்கிலும் வடக்கிலும் கோவில்பட்டி வரை பரந்த கரிசல். கிழக்கே மன்னார் வளைகுடா. வடக்கே வைப்பாறு, தெற்கே தாமிரபரணி. இவ்விரு ஆறுகளின் கரைகளிலும் பழந்தமிழர் வாழ்ந்த மேடுகள் உள்ளன. அம்மேடுகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளே இக்கட்டுரையின் பொருள்.

மணலும் உவரும்

கண்ணாடியின் முதன்மையான பொருள் மணல், அதாவது சிலிக்கா. தூய சிலிக்கா உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியசு வெப்பம் வேண்டும். பழங்கால உலைகள் இவ்வெப்பத்தை எட்டவில்லை. ஆனால் மணலோடு சோடாவைச் சேர்த்தால் ஆயிரம் டிகிரி அளவிலேயே அது இளகத் தொடங்கிவிடும். சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையக்கூடியது. அதில் சுண்ணாம்பும் கலந்திருந்தால்தான் உறுதி பெறும். மணல், சோடா, சுண்ணாம்பு ஆகிய இம்மூன்றின் கலவையே நாம் அன்றாடம் காணும் கண்ணாடி.

மெசபொத்தேமியாவில் கி.மு. 2500 அளவிலேயே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. கண்ணாடிக் கிண்ணமும் குப்பியும் தோன்றியது அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆகவே மனிதன் கண்ணாடியை முதலில் பயன்படுத்தியது பருகுவதற்கு அன்று, அணிவதற்கே எனலாம்.

உரோமர்கள் சோடாவுக்கு எகிப்து நாட்டின் நேட்ரான் என்னும் கனிமத்தை நம்பியிருந்தனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பழைய மணிகளை வேதியியல் முறையில் பகுத்தாய்ந்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. உரோமக் கண்ணாடியில் அலுமினா 2 அல்லது 3 விழுக்காடு அளவே இருக்கும். நம் பகுதி மணிகள் பலவற்றிலோ அது 5 விழுக்காட்டுக்கு மேல், சிலவற்றில் 10 விழுக்காட்டையும் தாண்டி நிற்கிறது. காரணம் என்ன? கருங்கல் சிதைந்து உண்டான மணலில் பெல்சுபார் என்னும் கனிமம் மிகுதி; அதிலிருந்து அலுமினா வருகிறது. சோடாவோ, வறண்ட நிலங்களில் வெயிற்காலத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உவரிலிருந்து வந்தது. துணி வெளுக்கச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய உவர்மண்ணும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்தகைய கண்ணாடியை மூலப்பொருளிலிருந்தே ஆக்கிய உலைகள் இலங்கையில் கிரிபாவ என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

நிறங்களுக்கும் காரணம் உண்டு. மணலில் இயல்பாக உள்ள இரும்பு பச்சை நிறம் தரும். கோபால்ட்டு அடர்நீலம் தரும். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் மஞ்சள். செம்பு, உலையில் காற்று நிறைய இருந்தால் பச்சை கலந்த நீலத்தையும், காற்றைக் குறைத்துப் புகையச் செய்தால் ஒளி புகாத செங்கல் நிறத்தையும் தரும். ஒரே உலோகம் உலையின் மூச்சுக்கேற்ப இருவேறு நிறம் காட்டுகிறது! இதனை அக்காலக் கைவினைஞர் வேதியியல் நூல் கற்று அறியவில்லை. உலையின் முன் நின்று அறிந்தனர்.

இழுத்துச் செய்த மணி

மணி செய்யும் எளிய முறை, இளகிய கண்ணாடியை ஒரு கம்பியின்மீது சுற்றி ஒவ்வொன்றாக உருவாக்குவது. இது மெதுவான வேலை. தென்னிந்தியக் கைவினைஞர் வேறொரு வழியைக் கண்டனர். இளகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் பெரிய கூம்பாகத் திரட்டி, உள்ளே ஒரு கோலைச் செலுத்தித் துளையை உண்டாக்கினர். கூம்பை உலையில் வைத்து, மறுபுறத்திலிருந்து கொக்கியால் அதன் முனையைப் பற்றி இழுத்தனர். துளை மூடுவதில்லை, கூம்பு மெலிய மெலியத் துளையும் அதே விகிதத்தில் மெலிகிறது. இவ்வாறு நீண்ட மெல்லிய கண்ணாடிக் குழல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

அக்குழலைத் துண்டுகளாக்கி, கூரிய இரும்பு விளிம்பில் வைத்து இரண்டு மூன்று மி.மீ. அளவில் நறுக்குவர். ஒரு மீட்டர் குழலில் 300 முதல் 500 துண்டுகள் வரை கிடைக்கும் என்று எளிதில் கணக்கிடலாம். துண்டுகளின் விளிம்பு கூராக இருக்கும். எனவே சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றிக் கிளறுவர். சாம்பல் துளைக்குள் புகுந்து அது அடைபடாமல் காக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் தடுக்கும். விளிம்புகள் மழுங்கி உருண்டையான மணிகள் கிடைக்கும். ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலும் இம்முறை கையாளப்பட்டதை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிசு நேரில் கண்டு பதிவு செய்தார். இம்மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவரும் அவரே. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை இவை கிடைப்பதால் அப்பெயர் பொருத்தமானதே.

கழிவே சான்று

மணி ஓரிடத்தில் கிடைத்தால் அது அங்கேயே செய்யப்பட்டது என்று கொள்ளலாமா? கொள்ளக் கூடாது. மணி பயணம் செய்யும் பொருள். ஆனால் உடைந்த குழல், அரைகுறையாக நின்ற மணி, ஒட்டிக்கொண்ட மணிக்கொத்து, உருகி வீணான கட்டி ஆகியவற்றை எந்த வணிகனும் கப்பலில் ஏற்றமாட்டான். தொழில் நடந்த இடத்துக்கு அக்கழிவே சான்று.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு இவ்வாறுதான் மணித்தொழில் மையமாக அடையாளம் காணப்பட்டது. அங்கு 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான்-மாரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அகழாய்வு செய்தனர்.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் கிடைத்தன. நம் கரிசல் வட்டாரத்திலேயே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் அங்கு ஏராளமாக வெளிப்பட்டன. வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்லும் இப்பகுதியும் கடல் வணிகத்தோடு தொடர்பற்று இருக்கவில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

வெளிநாட்டுக் கண்ணாடியும் இங்கு வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரைக் கடல் பெரிப்ளூசு' என்னும் கிரேக்க நூல், முசிறிப் பகுதித் துறைமுகங்களில் இறக்குமதியான பொருள்களுள் பண்படுத்தாத கண்ணாடிக் கட்டியையும் குறிப்பிடுகிறது. வந்த கண்ணாடியை உருக்கி வேறொரு பொருளாக்கும் வழக்கம் பிற நாடுகளிலும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில், மபுங்குப்வேக்கு அருகிலுள்ள கே-2 என்னும் ஊரில் கி.பி. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மக்கள், கடல் கடந்து வந்த சிறு மணிகளை உருக்கி, களிமண் அச்சுகளில் வார்த்துப் பெரிய மணிகளாக்கிக் கொண்டனர்.

மணியும் கம்பியும்

உரோமப் பெண்கள் பொற்கம்பியில் முத்தும் நிறமணியும் கோத்துக் காதில் தொங்கவிட்டனர். கம்பியை மணியின் துளையில் செலுத்தி, மேல்முனையை வளையமாக வளைத்து, எஞ்சிய நுனியைக் கழுத்துப் பகுதியில் சுற்றிவிடுவது அவர்கள் கையாண்ட முறை. இன்றைய 'கம்பி சுற்றிய' காதணியும் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. அவர்கள் விரும்பிய முத்து குளிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று கொற்கை; பெரிப்ளூசு நூல் அதனைப் பெயர் சுட்டிக் கூறுகிறது.

இங்கு ஒரு வியப்பு. பழங்காலப் பொற்கம்பிகள் பெரும்பாலும் துளையிட்ட தகட்டின் வழியே இழுக்கப்பட்டவை அல்ல. பொன் தகட்டிலிருந்து வெட்டிய மெல்லிய நாடாவை முறுக்கி உருட்டியே கம்பியாக்கினர். உருப்பெருக்கியில் பார்த்தால் முறுக்கின் வரி தெரியும். கம்பியச்சு பரவலானது பிற்காலத்திலேதான். பொன்னை இழுத்துக் கம்பியாக்கும் முறை பரவுவதற்கு முன்பே நம் கைவினைஞர் கண்ணாடியை இழுத்துக் குழலாக்கி வந்தனர்!

பற்றவைக்காமல், வெறுமனே சுற்றிய கம்பி எப்படி அவிழாமல் நிற்கிறது? செம்பு போன்ற உலோகத்தை வளைக்கும்போது அதன் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. மேலும் மேலும் வளைக்க, அந்நழுவல்கள் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ள, உலோகம் கடினமாகிறது. இளகிய கம்பி சுற்றச் சுற்ற இறுகுவது இதனால்தான். அளவு மீறினால் ஒடியும். செந்நிறமாகச் சூடேற்றினால் மீண்டும் இளகும். பொற்கொல்லர் வேலையின் நடுவே கம்பியை நெருப்பில் காட்டுவது இதற்காகவே.

கடல் தேய்த்த சில்லு

கடலில் விழுந்த குப்பித் துண்டு மணலிலும் கல்லிலும் உருண்டு தேய்கிறது. அதே வேளையில் நீர் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடாவையும் சுண்ணாம்பையும் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கிறது. நுண்ணிய குழிகள் தோன்றி ஒளி பல திசைகளில் சிதற, சில்லு பனி படர்ந்தாற்போல் மங்குகிறது. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மதுக்குப்பியின் பழுப்பும், கோலி சோடாக் குப்பியின் பச்சையும் எளிதில் கிடைக்கும்; கோபால்ட்டு நீலம் அரிது.

மாணவர்கள் இவற்றைக் கொண்டு காதணி செய்து பார்க்கலாம். முழுதும் மழுங்கிய சில்லையே எடுக்கவேண்டும். துளையிட முயலவேண்டாம், கண்ணாடித்தூள் நுரையீரலுக்குக் கேடு. அரை மி.மீ. தடிப்புள்ள செம்புக் கம்பியைச் சில்லின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே ஒரு வளையம் விட்டு, நுனியைக் குறடால் உள்ளே மடக்கிவிட்டால் போதும். காதில் நுழையும் கொக்கி மட்டும் வெள்ளியாக இருப்பது நன்று. நிக்கல் பூசியது சிலருக்குப் புண் உண்டாக்கும். செம்பு வியர்வையில் பச்சை பிடிக்கும். பாம்படமும் தண்டட்டியும் அணிந்த பாட்டிமார் வாழ்ந்த ஊர்களில் இக்காதணி மிக எளியதாகத் தோன்றலாம். எனினும் எடை குறைந்த மணி காதுக்கு நல்லதே.

எடுக்கக் கூடாத மணி

கடற்கரைச் சில்லை எடுக்கலாம். ஆனால் மழை பெய்து ஓய்ந்தபின் பழைய மேடுகளில் மினுக்கும் பாசிமணியை எடுக்கலாமா? இங்குதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். அரிக்கமேட்டில் இவ்வாறு மழைக்குப்பின் பொறுக்கப்பட்ட மணிகள் பல ஆண்டுகளாக விலைக்குப் போயின. அவை அழகு குறையாமல் எங்கேனும் இருக்கக்கூடும். ஆனால் எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டோடு, எந்தக் கழிவோடு கிடந்தன என்ற செய்தி அழிந்துபோயிற்று. மணியின் வயதைச் சொல்வது மணி அன்று. அது கிடந்த மண்ணடுக்கே.

கரிசல் மண்ணில் இச்சிக்கல் இன்னும் பெரிது. இம்மண்ணிலுள்ள களிமம் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். மூன்று மி.மீ. மணி அவ்வெடிப்பில் விழுந்தால் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கில் போய்ச் சேரும். ஆகவே கரிசலில் கிடைத்த ஒற்றை மணியை நம்பி முடிவு கட்ட இயலாது. மண்ணைச் சலித்து, நூற்றுக்கணக்கான மணிகளை ஆழவாரியாக எண்ணி, நிறவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போதே உண்மை தெரியும். அவற்றுள் பத்தை ஒருவர் எடுத்துச் சென்றால் அக்கணக்குப் பிழையாகிவிடும்.

மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டம் ஒருபுறமிருக்க, ஊர் ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மேட்டில் மணியோ ஓடோ கண்டால் அதனை அவ்விடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்து, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம்.

தென்னிந்தியாவில் இழுத்துச் செய்த கண்ணாடி மணி ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்டது. பின்னர் வெனிசு நகரத்தின் மணிகளும், அதன்பின் பொகீமியாவின் மணிகளும் அச்சந்தையைப் பிடித்தன. அத்தொழிலின் நுட்பங்களை எழுதி வைத்தவர் எவருமில்லை. எஞ்சியிருக்கும் ஏடு மண்தான். அந்த ஏட்டின் எழுத்துகள் இம்மணிகள். காதணிக்கு வேண்டிய கண்ணாடியைக் கடல் தாராளமாகத் தருகிறது. மேட்டிலுள்ள மணிகள் அங்கேயே கிடக்கட்டும்.