8 மில்லிமீட்டர் சண்டை: பிரிட்டனின் .280 தோட்டா ஏன் தோற்றது?

இன்னைக்கு எபிசோடுல ரெண்டு தோட்டாக்களோட கதை. ஒன்று பிரிட்டன் உருவாக்கிய .280, அதாவது 7×43. இன்னொன்று அமெரிக்காவின் 7.62×51. முதல் எண் குண்டோட அளவு, ரெண்டாவது எண் வெடிமருந்து இருக்கிற பித்தளைக் கூட்டோட நீளம். ரெண்டுமே மில்லிமீட்டர் கணக்கு. குண்டுகளோட எடை கிட்டத்தட்ட சமம், சுமார் 9 கிராம். அகலத்துல வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. கூட்டோட நீளத்துல 8 மில்லிமீட்டர் வித்தியாசம். இந்த 8 மில்லிமீட்டருக்காக ரெண்டு நட்பு நாடுகள் பல வருஷம் மோதிக்கிட்டன.

முதல்ல அந்த 8 மில்லிமீட்டர் என்ன செய்யும்னு பார்ப்போம். கூடு நீளமா இருந்தா மருந்து அதிகம் பிடிக்கும், குண்டு வேகமாப் போகும். எந்தக் குண்டும் நேர்கோட்டுல போறதில்லை. குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே கீழே இறங்க ஆரம்பிச்சிடும். வேகமான குண்டு அதே தூரத்தைச் சீக்கிரம் கடப்பதால் குறைவா இறங்கும். இலக்கு 500 மீட்டரா, 550 மீட்டரான்னு கணிப்புல சின்னத் தப்பு வந்தாலும் பட்டுவிட வாய்ப்பு உண்டு. தொலைதூரச் சுடுதலுக்கு இது பெரிய லாபம்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. மருந்து கூடினால் தோள்ல விழும் உதையும் கூடும். ஒவ்வொரு குண்டாகச் சுடும்போது தாங்கிக்கலாம். விசையை அழுத்திப் பிடிச்சு சடசடவெனச் சுட்டால் குழல் மேல ஏறிக்கிட்டே போகும். மூணாவது குண்டு எங்கே போகும்னு சுடுறவருக்கே தெரியாது. தோட்டாவும் கனமாகும். அதனால வீரர் சுமக்கக்கூடிய எண்ணிக்கை குறையும்.

இந்தக் கணக்கு அமெரிக்காவுக்குப் புதுசு இல்லை. 1920-களில் ஜான் பெடர்சன் என்ற வடிவமைப்பாளர் .276 என்ற சிறிய தோட்டாவை உருவாக்கினார். ஜான் கேரண்டும் தன் ரைஃபிளை அதுக்கு ஏற்றபடி செய்தார், ஒரே நேரத்தில் 10 தோட்டா போடலாம். சோதனைகள் சாதகமாகவே இருந்தன. ஆனா 1932-ல் படைத் தலைவரா இருந்த டக்ளஸ் மெக்கார்தர் மறுத்துவிட்டார். 1906 முதல் பயன்பாட்டில் இருந்த .30 தோட்டா கிடங்குகளில் குவிந்து கிடந்தது, இயந்திரத் துப்பாக்கிகளும் அதையே சுட்டன. நாடோ பொருளாதாரப் பெருமந்தத்தில் இருந்தது. கேரண்ட் ரைஃபிள் .30-க்கே மாறியது, கொள்ளளவு 8 ஆகக் குறைந்தது. அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான்.

அடுத்து இரண்டாம் உலகப் போர். பெரும்பாலான மோதல்கள் சில நூறு மீட்டருக்குள்ளேயே முடிந்ததை ஜெர்மனியும் சோவியத் யூனியனும் கவனித்தன. ஜெர்மனி 7.92×33 தோட்டாவையும், சோவியத் 7.62×39 தோட்டாவையும் உருவாக்கின. போர் முடிந்ததும் பிரிட்டனும் அதே பாதையில் .280-ஐயும், அதுக்கேற்ற இ.எம்.-2 ரைஃபிளையும் செய்தது.

1950-ல் அமெரிக்காவில் ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. தூரத்தில் குண்டு ரொம்ப வளைந்து இறங்குகிறது, பலம் போதாது என்பது அமெரிக்கத் தரப்பின் வாதம். அங்கே சிறு ஆயுத ஆராய்ச்சிக்குப் பொறுப்பா இருந்த கர்னல் ரெனே ஸ்டட்லர், பழைய .30-க்குச் சமமான பலம் வேணும்னு உறுதியா நின்றார். ஒவ்வொரு வீரரும் தொலைதூரக் குறிபார்ப்பில் தேர்ந்தவரா இருக்கணும் என்பது அந்தப் படையின் நீண்ட நாள் நம்பிக்கை. கூடு சுருங்கினாலும் பலம் குறையாத 7.62×51 அந்த நம்பிக்கைக்குப் பிறந்த தோட்டா.

பிரிட்டன் விடலை. 1951 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் இமானுவேல் ஷின்வெல், இ.எம்.-2-ஐ ஏற்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சி மாறி சர்ச்சில் வந்தார். அவருக்குத் தோட்டாவை விட நேட்டோ கூட்டணி முக்கியம். போர் வந்தால் எல்லாரும் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துக்கணும், அமெரிக்கா இல்லாமல் அது நடக்காது. இ.எம்.-2 கைவிடப்பட்டது, 7.62×51 நேட்டோவின் தோட்டா ஆனது. சர்ச்சிலின் கணக்கையும் முட்டாள்தனம்னு தள்ளிவிட முடியாது.

இதுல கசப்பான விஷயம் ஒன்று இருக்கு. 1952-லேயே அமெரிக்கப் படைக்காக நார்மன் ஹிட்ச்மன் ஒரு ஆய்வறிக்கை எழுதினார். சாதாரண ரைஃபிள் சண்டை பெரும்பாலும் 300 கெஜத்துக்குள் நடக்கிறது என்பது அதன் சாரம். அதைத் தாண்டி 1957-ல் அமெரிக்கா 7.62-ஐச் சுடும் எம்14-ஐ ஏற்றது. தானியங்கி முறையில் அதைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால், பலருக்கும் அந்த வசதி பூட்டப்பட்டே வழங்கப்பட்டது. வியட்நாம் காடுகளில் எதிரே இருந்ததோ ஏ.கே.-47. சில வருஷத்திலேயே எம்14 உற்பத்தி நின்றது, 5.56 தோட்டா போடும் எம்16 வந்தது. பலம் போதாதுன்னு .280-ஐ ஒதுக்கிய நாடு, அதைவிடச் சிறியதுக்குப் போனது. 1980-ல் நேட்டோவும் 5.56-ஐ ஏற்றது.

நம்ம ஊருக்கும் இந்த முடிவு வந்து சேர்ந்தது. 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் பலர் கையில் இருந்தது பழைய .303. அதுக்குப் பிறகு இஷாப்பூரில் தயாரான எஸ்.எல்.ஆர். ரைஃபிள் சுட்டது இதே 7.62×51. 1990-களில் 5.56 இன்சாஸ். 2019-ல் மறுபடியும் 7.62×51 ரைஃபிள்களை வாங்க ஒப்பந்தம். ஊசல் போயிட்டுப் போயிட்டு வருது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 2022-ல் அவங்க படை தேர்ந்தெடுத்தது 6.8×51. குண்டின் அகலம் .280-க்குப் பக்கத்தில் வந்துடுச்சு. ஆனா .280-க்குக் கிடைத்த நீதின்னு இதைச் சொல்ல முடியாது. நவீன உடற்கவசத்தையும் நீண்ட தூரத்தையும் குறிவைத்த தோட்டா இது, மருந்தும் உதையும் அதிகம்.

அப்போ எந்தத் தோட்டா சிறந்தது? எவ்வளவு தூரத்தில், யார் கையில், எத்தனை சுமந்து என்பதைச் சொல்லாமல் அதுக்குப் பதில் இல்லை. 1950-ல் அந்த மேசையைச் சுற்றி இருந்தவங்க எதிர்காலப் போரைக் கற்பனை பண்ணித்தான் முடிவெடுத்தாங்க. அந்தக் கற்பனை தப்பானபோது, எகிறுகிற துப்பாக்கியோட காட்டுக்குள்ள நின்றவர் 19, 20 வயசுப் பையன். அவரை யாரும் கேட்கவே இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.