கலக்கும் கம்பு முதல் ஆக்சிஜன் மீட்டர் வரை

மக்கிய உரத்தை நீரில் ஊறவைத்து, காற்று செலுத்தி, நுண்ணுயிர்களைப் பெருக்கி எடுக்கும் சாறுதான் 'கம்போஸ்ட் டீ'. நாம் குடிக்கிற டீ அல்ல, செடிக்கு ஊற்றுகிற டீ! இதில் ஆக்சிஜனை அளப்பது புதிய பழக்கம். காற்று படும்படி கலக்குவதோ பழைய பழக்கம்.

1924-ல் ருடால்ஃப் ஸ்டெய்னர், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயம் பற்றி உரையாற்றினார். பசுங்கொம்பில் சாணம் அடைத்து, மண்ணில் புதைத்து, பிறகு எடுத்து, நீரில் ஒரு மணி நேரம் கலக்கச் சொன்னார். சுழி விழுந்ததும் திசையை மாற்ற வேண்டும். பயோடைனமிக் வேளாண்மை பிறந்தது அங்கேதான். நியூசிலாந்தின் பீட்டர் ப்ராக்டர் 1993-ல் இந்தியா வந்து இதைக் கற்பித்தார். பின்னர் இந்திய பயோடைனமிக் சங்கம் கொடைக்கானலில் அலுவலகம் வைத்து இயங்கியது.

மலைக்குக் கீழே, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தையும் தினம் இருவேளை கலக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் கருவி கம்பும் மூக்கும்தான். அழுகல் நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வேதிமுறையை 1888-ல் ஹங்கேரியின் விங்க்ளர் தந்தார். 1950-களில் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் உருவாக்கிய மின்முனை வேலையை எளிதாக்கியது. பின்னர் எலைன் இங்காம் கம்போஸ்ட் டீயைப் பிரபலமாக்கியபோது, லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்ற கணக்கும் பரவியது.

கொடைக்கானலில் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதனால் 20 டிகிரி நீரில் அதிகபட்சம் 7 மில்லிகிராம்தான் கரையும். கடல் மட்டத்தில் அது 9. குளிர் மட்டுமே கைகொடுக்கிறது. நீர் 15 டிகிரியாக இருந்தால் 7.8 வரை போகும். மதுரையின் 30 டிகிரி நீரிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்!

ஆக, மலையில் மிச்சம் மிகக் குறைவு. வெல்லத்தைக் கூடுதலாகப் போட்டால் நுண்ணுயிர்கள் பெருகி, இருக்கிற ஆக்சிஜனையும் விரைவில் தீர்த்துவிடும்.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் ஆபத்து முழுக்க நீங்காது. இனிப்பு போன்ற சேர்மானங்கள் ஈ-கோலை, சால்மோனெல்லா கிருமிகளை வளர்க்கலாம் என்று 2004-லேயே அமெரிக்க நிபுணர் குழு எச்சரித்தது. மலைக் கேரட்டை நாம் பச்சையாகவே கடித்துத் தின்கிறோம். அதனால் நன்கு மக்கிய உரம், சுத்தமான நீர், குறைந்த வெல்லம், இவை மூன்றும் மீட்டருக்கு முன்பே வேண்டும்.