இடித்தவரும் இடிபட்டவரும்: சென்ட் லோரன்டில் ஒரு சாலை வழக்கத்தின் வரலாறு

மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இரண்டு கார்கள் லேசாக இடித்துக்கொண்டால் பெரும்பாலும் போலீஸ் வருவதில்லை, யாரும் கூப்பிடுவதுமில்லை. ஓட்டுநர்கள் இறங்குவார்கள், அடி ஏதும் பட்டதா என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள், வண்டிகளை ஓரங்கட்டுவார்கள். பிறகு யாராவது ஒருவர் தம் காரிலிருந்து ஒரு படிவத்தை எடுப்பார். இருவரும் சேர்ந்து அதை நிரப்பிக் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதியுடன் பிரிந்து போவார்கள். பனிக்காலமென்றால் இந்த எழுத்து வேலை எவராவது ஒருவரின் காருக்குள், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க நடக்கும். பத்து நிமிடத்துக்கு முன் முகம் தெரியாதவர்கள் ஒரே இருக்கை வரிசையில் அமர்ந்து ஒரே பேனாவைக் கைமாற்றிக்கொள்வார்கள்.

இதை, மொன்றியல் அமைந்திருக்கும் கியூபெக் மாகாண மக்களின் பிறவிக் குணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்த வழக்கத்துக்குத் தேதி உண்டு. 1975இலும் 1977இலும் கியூபெக் சட்டமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்கள், சாலையோரத்தில் நல்லவராக நடந்துகொள்வதால் வரும் நஷ்டத்தைப் பெருமளவு குறைத்தன. கருணை அதற்கு முன்பும் இருந்திருக்கும்; அதற்குக் கொடுக்கவேண்டிய விலைதான் மாறியது.

சென்ட் லோரன்ட் கார்களுக்காக அமைந்த ஊர் அல்ல. 1720இல் கத்தோலிக்கப் பங்காக நிறுவப்பட்ட இந்த இடம் நீண்ட காலம் விவசாயக் கிராமமாகவே இருந்தது. நீளமான பண்ணை நிலங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் முகப்பையொட்டி ஓடிய பாதைகளைக் 'கோட்' என்றார்கள். இன்று நெரிசலுக்குப் பேர்போன கோட் வெர்தூ, கோட் தெ லியெஸ் ஆகிய சாலைகளின் பெயரில் அந்தப் பண்ணைக்காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1890களில் வந்த டிராம் பாதை ஊரை நகரத்தோடு இணைத்தது. 17ஆம் எண் டிராம் 1959 வரை கார்ட்டியர்வில் பக்கம் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் கனடேர் விமானத் தொழிற்சாலையும் அதைச் சுற்றி மற்ற ஆலைகளும் பெருகின. வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்டினார்கள், பின் கார் வாங்கினார்கள்.

டிராம் நின்ற காலத்திலேயே மெத்ரோபோலித்தான் நெடுஞ்சாலை தூண்களின் மேல் எழும்பிவிட்டது. 1967இல் உலகக் கண்காட்சி நடந்தபோது, அதற்காக அவசர அவசரமாகத் தோண்டப்பட்ட தெகாரி நெடுஞ்சாலை வந்து அதனோடு சேர்ந்தது. 1975இல் மேற்குப் பக்கம் 13ஆம் எண் நெடுஞ்சாலை திறந்தது. நாட்டின் குறுக்காகச் செல்லும் லாரிகளும், விமான நிலையத்துக்கு விரையும் டாக்சிகளும், பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோரும் ஒரே சில சந்திப்புகளில் வந்து முட்டிக்கொள்ளும் நிலை இப்படித்தான் உண்டானது. நகர்ந்து நகர்ந்து நிற்கும் நெரிசலில் உயிர்போகும் விபத்தைவிட, முன்னால் நின்ற காரின் பம்பரைத் தொட்டுவிடும் விபத்துதான் சகஜம்.

1978க்கு முன் அப்படி ஒரு பம்பர் தட்டப்பட்டால் என்ன நடக்கும்? பழைய சிவில் சட்டப்படி, நஷ்டம் யாருடைய தவறால் வந்ததோ அவர் ஈடுகட்ட வேண்டும். தவறை நிரூபிக்கும் பாரம் பொதுவாக நஷ்டப்பட்டவர் தலையில். 1961இல் வந்த ஒரு சட்டம் இதைச் சற்றுத் தளர்த்தி, வண்டி உரிமையாளர்மேல் பொறுப்பை ஊகித்துக்கொள்ளவும், காப்பீடு இல்லாதவர் இடித்தால் ஒரு நிதியிலிருந்து பணம் தரவும் வழி செய்தது. ஆனாலும் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயமாகவில்லை. ஆகவே இறங்கியதும் இரு ஓட்டுநர்களும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். 'மன்னியுங்கள்' என்று வாய்தவறிச் சொன்னவர் நீதிமன்றத்தில் அதற்கு விலைகொடுக்க நேரலாம். அடிபட்டவரைத் தொட்டுத் தூக்கியவரிடம் 'நீதான் இடித்தாய் போலிருக்கிறது' என்று கேட்கவும் கூடும். பேசாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிட்ட இடத்தில் அன்பை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

இந்த முறையை ஆராய 1971இல் ஒரு குழு அமைந்தது. ழான்-லூயி கோவேன் தலைமையிலான அந்தக் குழு 1974இல் அறிக்கை தந்தது: காயம்பட்டவர்களில் கணிசமானோர் எதுவும் பெறாமலேயே போகிறார்கள், பெறுபவர்களும் வெகுகாலம் காத்திருக்கிறார்கள், பணத்தின் பெரும்பகுதி வழக்குச் செலவிலும் நிர்வாகத்திலும் கரைகிறது. அறிக்கை அலமாரியில் கிடந்தது. 1976 நவம்பரில் பார்தி கியூபெக்குவா கட்சி ஆட்சிக்கு வந்ததும் லீஸ் பயெத் என்பவர் அதைக் கையில் எடுத்தார். அரசியலுக்கு வருமுன் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் அவர். வழக்கறிஞர் சங்கம் கடுமையாக எதிர்த்தது; அவர்களின் வருமானத்தில் ஒரு பெரிய வாய்க்கால் அடைபடப் போகிறதே. 1977 டிசம்பரில் சட்டம் நிறைவேறி, 1978 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு மொழிச் சட்டம் நிறைவேறியதும் அதே 1977இல்தான். வரலாற்று நூல்கள் அதற்கே பக்கங்களை ஒதுக்குகின்றன. அன்றாடத் தெருவை அதிகம் மாற்றியது கார்ச் சட்டமாகவும் இருக்கலாம்.

புதிய முறை இரண்டு பாதைகளில் ஓடியது. உடற்காயத்துக்கு, தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை: அரசு நிறுவனம் எல்லோருக்கும் ஈடு தரும், யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியாது. கியூபெக்கில் வசிப்பவர் உலகின் எந்த மூலையில் கார் விபத்தில் அடிபட்டாலும் இந்தக் காப்பு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் போனவருக்கும் அது பொருந்தும். வண்டிச் சேதத்தைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடமே விட்டார்கள். ஆனால் காப்பீடு கட்டாயமானது, கூடவே நேரடி ஈட்டு ஒப்பந்தம் என்ற ஏற்பாடும் வந்தது. அதன்படி ஒவ்வொருவரும் தம் சொந்த நிறுவனத்திடமே பணம் கேட்கிறார்கள். எதிராளியின் நிறுவனத்தைத் துரத்தவேண்டியதில்லை. தீர்வு பிடிக்காவிட்டால் தம் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடரலாம்.

தவறு என்ற கணக்கு வண்டிச் சேதத்தில் இன்னும் உண்டு. ஆனால் அதைத் தெருவில் நிற்கும் இருவர் தீர்ப்பதில்லை. நிறுவனங்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஓர் அட்டவணை, படங்களோடு, இன்ன விதமான மோதலில் இன்னாருக்கு இவ்வளவு பொறுப்பு என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. ஒரே தடத்தில் முன்னால் போன வண்டியைப் பின்னால் வந்தது இடித்தால், பின்னால் வந்தவர் மேல் பொறுப்பு. கத்திப் பேசினாலும் அட்டவணை மாறாது. சண்டையில் ஜெயிப்பதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது, மனிதர்கள் வியக்கத்தக்க வேகத்தில் மரியாதைக்காரர்களாகி விடுகிறார்கள்.

அந்த அட்டவணைக்குத் தீனி போடுவதுதான் சாலையோரப் படிவம். பிரெஞ்சில் 'கொன்ஸ்தா அமியாப்ல்' எனப்படும் இணக்க அறிக்கை அது. காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு இதை வெளியிடுகிறது. ஏ வண்டி, பி வண்டி என்று இரு பகுதிகள். இடம், நேரம், உரிம எண், காப்பீட்டு எண், சாட்சிகள். முதலில் எங்கே இடித்தது என்று காட்ட ஓர் அம்புக்குறி. கீழே கையால் வரைய ஒரு சிறு கட்டம். கையெழுத்துப் போடுவது தவறை ஒப்புக்கொள்வதாகாது. நடந்ததை இருவரும் ஒரே விதமாகப் பார்த்தோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. படிவத்தைப் பயன்படுத்துவது கட்டாயமும் அல்ல. பெயரையும் முகவரியையும் உரிமம், காப்பீடு பற்றிய விவரத்தையும் தருவதுதான் சட்டப்படி கட்டாயம். நேரடி ஈடு கிடைக்க விபத்து கியூபெக்கில் நடந்திருக்க வேண்டும், இரண்டு வண்டிகளாவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், உரிமையாளர்கள் இன்னார் என்று தெரிந்திருக்க வேண்டும். இடித்தவர் ஓடிவிட்டால் மற்றவர் தம் மோதல் காப்பீட்டை நம்பவேண்டியதுதான். அதை எடுக்காதவருக்கு நஷ்டம் பெரும்பாலும் சொந்தக் கையில். இடித்தபின் நின்று பெயரைக் கொடுப்பவர் எதிராளிக்குச் செய்யும் பெரிய உதவி இதுவே.

சென்ட் லோரன்டில் இந்தப் படிவத்துக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்ந்தது. 2002இல் மொன்றியலோடு இணைக்கப்பட்டு, இன்று அதன் பரோக்களில் ஒன்றாக இருக்கும் இங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். லெபனானிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் இங்கே உண்டு. 1983க்குப் பின் மொன்றியலுக்கு வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அரபு பேசும் முதியவரும் தமிழ் பேசும் தாயும் கோட் வெர்தூவில் முட்டிக்கொண்டால், இருவருக்கும் பொதுவாக அரைகுறைப் பிரெஞ்சு மட்டுமே இருக்கலாம். அந்த நேரத்தில் கட்டங்களும் அம்புக்குறியும் பேச்சின் பாரத்தைத் தூக்கிக்கொள்கின்றன. மீதிக்குப் போனில் மகனையோ மருமகளையோ பிடிப்பார்கள். அந்தப் பிள்ளை மாறி மாறி இரு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் யாரோ ஒருவர் இரண்டு மொழியும் தெரிந்தவராக இருந்து, கேட்காமலே வந்து உதவுவதும் உண்டு.

பார்த்துக்கொண்டு நிற்பவரின் கடமை கார்ச் சட்டத்தைவிடப் பழைய சட்டத்தில் இருக்கிறது. 1975 ஜூனில் நிறைவேறி மறு ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த கியூபெக் மனித உரிமைச் சாசனம், தன் இரண்டாம் பிரிவிலேயே, உயிராபத்தில் இருக்கும் எவருக்கும் உதவி பெறும் உரிமை உண்டு என்கிறது. எவரும் தம்மாலான உடனடி உதவியைச் செய்யவேண்டும், அல்லது உதவியை வரவழைக்கவேண்டும். தமக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்தாலோ வேறு தகுந்த காரணம் இருந்தாலோ மட்டும் விலக்கு. பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் இப்படியொரு பொதுக் கடமை இல்லை. அங்கே 2001ஆம் ஆண்டுச் சட்டம் உதவ முன்வந்தவரைப் பாதுகாப்பதோடு நிற்கிறது. கியூபெக் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டது: 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய சிவில் சட்டத்தின் 1471ஆம் பிரிவு, உதவப் போய் ஏதாவது கெட்டுவிட்டாலும், பெருந்தவறோ வேண்டுமென்றே செய்த தவறோ இல்லாவிட்டால் உதவியவர்மேல் பொறுப்பில்லை என்கிறது. விபத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஓட்டுநருக்குச் சாலைப் பாதுகாப்புச் சட்டம் தனியே கட்டளை இடுகிறது: இடத்தை விட்டு அகலாதே, காயம்பட்டவருக்கு உதவு, போலீசை அழை.

உதவப் போனால் சிக்கிக்கொள்வோமோ என்ற இதே பயத்தைத் தீர்க்க இந்தியாவில் வெகுகாலம் பிடித்தது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அது 134ஏ பிரிவாக இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை ஏற்று, சேர்த்தவரிடம் 'பணத்தை யார் கட்டுவது' என்று கேட்கும் நிலையை மாற்ற முயல்கிறது.

கியூபெக்கில் பயத்தைவிடப் பனி கூடுதலாக வேலை வாங்குகிறது. ஜனவரியில் பனிக்குவியலில் சக்கரம் சுழன்று நிற்கும் காரைக் கண்டால், நடந்து போகிறவர் கையுறையோடு வந்து பின்னாலிருந்து தள்ளுவது மொன்றியலில் பேச்சுவார்த்தைகூடத் தேவைப்படாத பழக்கம். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. சறுக்கலைக் குறைக்கத்தான் சட்டம் வந்தது: 2008ஆம் ஆண்டுப் பனிக்காலத்திலிருந்து குளிர்கால டயர் கட்டாயம், முதலில் டிசம்பர் 15இலிருந்து, 2019 முதல் டிசம்பர் 1இலிருந்து. 2012 ஆகஸ்ட் முதல், விளக்கு மின்ன ஓரமாக நிற்கும் போலீஸ், ஆம்புலன்ஸ், இழுவை வண்டிகளைக் கடப்பவர்கள் வேகம் தணித்து அடுத்த தடத்துக்கு விலகவேண்டும். இடித்துக்கொண்டவர்களுக்கு உதவ வந்தவர்களே அடிபடுவது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்பது மட்டும் நீண்ட காலம் சட்டத்தின் கண்ணில் படாமலே இருந்தது. இடித்தவுடன் 'சொறி' என்று சொல்வது கனடியர்களின் அனிச்சைச் செயல். ஆனால் அது தவறின் ஒப்புதலாகப் படிக்கப்படலாம் என்று அச்சம் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்ராறியோ 2009இலும் மன்னிப்புச் சட்டங்களை நிறைவேற்றின. கியூபெக் மற்றவர்களுக்குப் பின்னால், 2020 ஜூனில், சிவில் சட்டத்தில் 2853.1 என்ற பிரிவைச் சேர்த்தது. அதுவும் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. பாலியல் வன்முறை போன்ற வழக்குகளுக்கான காலவரம்பை நீக்கிய சட்டத்தோடு வந்தது. ஆனால் அதன் சொற்கள் எல்லா வழக்குக்கும் பொது: மன்னிப்பு ஒப்புதலாகாது, சாட்சியமாக ஏற்கப்படாது, அதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் காப்பைக் குறைக்கவும் முடியாது.